பெரிய கோயிலின் நிழல் தரையில் விழும்

வாசகி கேள்வி:

"தஞ்சாவூரில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 43. காலையில் மகளை ஸ்கூட்டியில் பள்ளிக்கூடத்தில் விடுவதற்குப் பெரிய கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். போன மாதம் ஒருநாள் பின்னால் உட்கார்ந்திருந்த மகள், 'அம்மா, அந்த உச்சியில இருக்கிற கல்ல எப்படிம்மா மேல ஏத்தினாங்க?' என்று கேட்டாள். 'தெரியாதுடி, பையை ஒழுங்காப் பிடி' என்றேன். அவள் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பதில் இன்றுவரை என்னை உறுத்துகிறது. வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கு அந்த இடம் என்றால் டிராபிக்தான் ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் நான் இப்படி இல்லை. மழை வந்தால் வாசலுக்கு ஓடுவேன். இப்போது மழை என்றால் துணி காயாதே என்றுதான் தோன்றுகிறது. வாசலில்கூட ஸ்டிக்கர் கோலம்தான். எனக்கு என்ன ஆயிற்று? எங்காவது மலைப்பிரதேசம் போய்விட்டு வந்தால் சரியாகுமா? டாக்டரைப் பார்க்க வேண்டுமா?"

உளவியல் ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைத் தள்ளிப்போடக் கூடாது. உங்களுக்கு வியப்பு மட்டும் குறைந்திருக்கிறதா, இல்லை சந்தோஷமே வற்றிவிட்டதா? இரண்டும் வேறு வேறு. பிடித்த சாப்பாடு, பிடித்த பாட்டு, மகளின் சிரிப்பு எதுவுமே உள்ளே இறங்கவில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கின்றன, எழுந்திருக்கவே மனம் வரவில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுக்க இப்படியே போகிறது என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சைதான் வேண்டும். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே மாதிரி ஆளை மந்தமாக்கும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கடிதத்தை மட்டும் வைத்து நோய் உண்டு, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மகளுக்குச் சொன்ன ஒரு பதில் ஒரு மாதமாக உறுத்துகிறது என்கிறீர்களே, அந்த உறுத்தல் எனக்கு நல்ல அறிகுறியாகப் படுகிறது. இனி நான் சொல்வதெல்லாம், நோய் இல்லை என்று தெரிந்தபிறகு எடுத்துக்கொள்ள வேண்டியவை.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு முதல் வாரம் ரயில் சத்தத்தில் தூக்கமே வராது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், "ரயிலா? எப்போ போச்சு?" என்பார்கள். காதில் கோளாறு ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப வருகிற, நம்மை ஒன்றும் செய்யாத ஒரு விஷயத்துக்கு மூளை கவனத்தைச் செலவழிக்காது. அப்படிச் செய்யாவிட்டால் ஒரு சாலையைக்கூட நம்மால் கடக்க முடியாது. தினமும் இரண்டு தடவை பெரிய கோயிலைத் தாண்டுகிற உங்களுக்கு நேர்ந்ததும் இதுதான். அதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம். கும்பகோணத்தில் டிகிரி காபிக்கும் கடலோர ஊர்களில் கடலுக்கும் இதே கதிதான்.

ஆனால் பழக்கம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இதைப் பற்றி நம் ஆட்கள் மிகத் தெளிவாக யோசித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உடம்பில் தெரிகிற உணர்ச்சிகளை எட்டாக வகுக்கிறது. அதில் நான்காவது மருட்கை, அதாவது வியப்பு. அது எதிலிருந்து பிறக்கும் என்பதற்கு ஒரு சூத்திரம்: "புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே." முன்பு காணாதது, மிகப் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று இன்னொன்றாக ஆவது. இந்த நான்கும் வியப்பின் ஊற்றுக்கண்கள். 'மதிமை சாலா' என்ற இரண்டு சொற்களை என்னால் எளிதில் தாண்டிப் போக முடிவதில்லை. அறிவு போதாமல் நிற்கிற நிலை அது. 2003இல் அமெரிக்க உளவியலாளர்கள் டாக்கர் கெல்ட்னரும் ஜோனத்தன் ஹைட்டும் இதே உணர்ச்சியை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நம்மைவிட மிகப் பெரிதான ஒன்றை எதிர்கொள்வதும், அதை உள்ளே வைக்க மனம் தன் சட்டகத்தையே மாற்ற வேண்டியிருப்பதும் சேர்ந்ததுதான் வியப்பு என்பது அவர்கள் முடிவு. அறிவு போதவில்லை என்று நாம் சுருக்கமாகச் சொன்னதற்கு மிக அருகில் வருகிறது.

இப்போது உங்கள் கேள்வியைப் பாருங்கள். மலைப்பிரதேசம் போனால் சரியாகுமா என்கிறீர்கள். நான்கு ஊற்றில் ஒன்றை, புதுமையை மட்டும் கேட்கிறீர்கள். போய்வாருங்கள், ஓய்வு கிடைக்கும். ஆனால் புதுமை சீக்கிரம் தீர்ந்துபோகிற சரக்கு. நான் வேலை நிமித்தம் ஒரு வருஷம் கோத்தகிரியில் இருந்தேன். மூன்றாவது வாரத்திலேயே ஜன்னலுக்கு வெளியே இருந்த மேகம் எனக்கு மறந்துவிட்டது. அங்கே என்னை வியக்கவைத்தது இட்லி மாவுதான்.

குளிரில் மாவு பொங்கவே இல்லை. பாத்திரத்தைப் போர்வையில் சுற்றினேன், அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் கொஞ்சம் அசைந்தது. மதுரையில் முப்பத்தைந்து வருஷம் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்ற மாவு, என்ன செய்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். நாம் ஈஸ்ட் போடுவதில்லை. அரிசியோடும் உளுந்தோடும் கூடவே வந்த நுண்ணுயிர்கள், முக்கியமாக லுக்கனோஸ்டாக் என்ற பாக்டீரியா, ஊறவைத்ததும் விழித்துக்கொண்டு மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்தக் குமிழிகளை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. இட்லியில் நாம் பார்க்கிற ஒவ்வொரு துளையும் அப்படி அகப்பட்ட ஒரு குமிழி. கூடவே வருகிற அமிலம்தான் புளிப்பு. நாம் தூங்கும்போது கோடிக்கணக்கான உயிர்கள் நம் சமையலறையில் ஒரு பாத்திரத்துக்குள் வேலை செய்கின்றன. ஆக்கம் என்று சூத்திரம் சொல்வது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கண்ணாடி ஜாடி ஒன்றில் மாவை ஊற்றி, மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு போடச் சொல்லுங்கள் உங்கள் மகளை. காலையில் அவளை எழுப்ப நீங்கள் குரல் கொடுக்க வேண்டியிருக்காது.

சிறுமைக்குத் தூரம் போக வேண்டாம். மழைக்கு முன்னால் தெருவில் கூட்டமாகத் தாழப் பறக்கிற மஞ்சள் தட்டான்களைப் பார்த்திருப்பீர்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று ஊரில் சொல்வார்கள். அந்த இனம் விரல் நீளம்கூட இருக்காது. அவை ஒவ்வொரு அக்டோபரிலும் மாலத்தீவில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், அவை இந்தியாவிலிருந்து காற்றின் துணையோடு இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009இல் எழுதினார். மாலத்தீவில் அவை முட்டையிட்டு வளர ஏற்ற நன்னீர் அதிகம் கிடையாது, அங்கே அவை தங்கவும் இல்லை, அப்படியானால் எங்கே போகின்றன என்ற கேள்வியிலிருந்து பிறந்தது அந்த ஆராய்ச்சி. போகிற தலைமுறை வேறு, திரும்பி வருகிற தலைமுறை வேறு. உங்கள் ஸ்கூட்டியின் கண்ணாடியில் வந்து உட்காருகிறதே, அதே தட்டான்.

ஸ்டிக்கர் கோலத்தைப் பற்றி நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒட்டியது ஒட்டியதாகவே இருக்கட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் நம் வாசல் கோலங்களை வைத்துக் கணினி அறிவியலில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சின்ன அலகிலிருந்து விதிப்படி பெரிய உருவம் வளர்வதை எப்படி இலக்கணமாக எழுதலாம் என்பது அவர்கள் கேள்வி. புள்ளி வைத்து, கையை எடுக்காமல், ஒரே இழையாகச் சுற்றி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிற சிக்குக் கோலத்தைப் போடுகிற பெண், அந்த இலக்கணத்தைக் கையில் வைத்திருக்கிறாள். உங்கள் அம்மாவுக்கோ மாமியாருக்கோ தெரிந்த ஒரு சிக்குக் கோலத்தை மகள் ஒரு நோட்டில் போட்டுப் பார்க்கட்டும். எத்தனை இழை என்று அவளே எண்ணிச் சொல்வாள்.

இனி பெருமை. பெரிய கோயில்.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதை மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கோயில் உங்களுக்கு மங்கியதற்குப் பழக்கத்தோடு இன்னொன்றும் காரணம் என்று நினைக்கிறேன். நாம் எல்லோரும் அதைப் பற்றி இரண்டு வரி வைத்திருக்கிறோம். நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல். செல்போனில் ஆயிரம் தடவை வந்த வரிகள். அந்த இரண்டு வரியைச் சொன்னதும் பார்த்தாகிவிட்டது என்று மனம் மூடிக்கொள்கிறது. அறிவு போதாமல் நிற்க வேண்டிய இடத்தில், போதும் என்று ஆக்கிவிடுகிற வரிகள் அவை. உண்மையும் இல்லை. உச்சிப் பகுதி பல கற்களை இணைத்துச் செய்தது என்றுதான் நேரில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நிழல் நன்றாகவே விழும். கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் அடிப்பகுதி ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர், உயரம் சுமார் 60 மீட்டர், மேலே போகப் போகக் குறுகுகிறது. தஞ்சாவூரிலோ வருஷத்தின் பல மாதங்களில் உச்சி வேளையில் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே நிற்கும். ஏப்ரல் 18 ஒட்டியும் ஆகஸ்ட் 24 ஒட்டியும் நட்டு வைத்த குச்சிக்குக்கூட நண்பகலில் நிழல் இருக்காது. அந்த மாதங்களில் நடுப்பகலில் போகிறவருக்கு விமானத்தின் நிழல் அதன் அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். வதந்தி அங்கிருந்து பிறந்திருக்கலாம்.

உண்மையில் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லட்டுமா? ஆற்று மண் படிந்த சமவெளி உங்களுடையது. அத்தனை கருங்கல்லும் வெளியிலிருந்து வந்தது. 1010இல் பணி முடிந்தபோது ராஜராஜன் வெளியிட்ட ஆணை சுவரில் இருக்கிறது: நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக. தன் பெயரோடு நிறுத்தாமல், கொடுத்தவர்கள் எல்லோரையும் வெட்டச் சொன்ன ஆணை. அப்படியே வெட்டியும் இருக்கிறார்கள். கோயிலில் பணிசெய்ய வந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, முன்பு எந்த ஊர்க் கோயிலில் இருந்தவர் என்பது வரை உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஊரில் வேலைக்கு வந்த பெண்களின் வீட்டு முகவரியும் சம்பளமும் அவை. நீங்களும் அதே ஊரில் வேலை பார்க்கிற பெண். அந்தச் சுவரை அந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். எழுத்து பழையதுதான், ஆனாலும் ட, ப மாதிரிச் சில எழுத்துகளை மகளே கண்டுபிடித்துவிடுவாள்.

மேல்தளத்தின் உட்சுவரில் சிவன் ஆடுகிற கரணங்களை, அதாவது நாட்டிய நிலைகளை, சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 108 வர வேண்டும். 81 வரை வடித்துவிட்டு, மீதி 27 கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. பொதுவாக அங்கே நம்மை விடமாட்டார்கள். ஆனால் ஸ்கூட்டியில் போகும்போது, அந்த உயரத்துக்குள் இருட்டில் 27 வெறும் கற்கள் உளிக்காகக் காத்திருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அது வடித்த சிற்பங்களைவிடப் பெரிதாகத் தோன்றும்.

சரி, கல்லை எப்படி ஏற்றினார்கள்? சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்வாகச் சாரம் கட்டி இழுத்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. விமானத்தைச் சுற்றியே சரிவுப்பாதை கட்டியிருப்பார்கள் என்பது இன்னொரு கருத்து. பெண்களின் வீட்டு முகவரி வரை எழுதிவைத்தவர்கள் இதை எழுதவில்லை. ஆகவே, உங்கள் பதிலில் 'தெரியாது' என்ற சொல்லில் தப்பே கிடையாது. மிகச் சரியான பதில் அது. பின்னாலேயே வந்த 'பையைப் பிடி'தான் கதவைச் சாத்திவிட்டது. இன்று ராத்திரி அவளிடம், "அன்னைக்கு நீ கேட்டியே, அது இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் சரியாத் தெரியாதாம், நீ என்ன நினைக்கிற?" என்று கேளுங்கள். ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை. கேள்வியை அம்மா மறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தால் போதும்.

இதை இன்னொரு வேலையாக ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காலை ஐந்து மணியிலிருந்து ஓடுகிற மனத்தில் வியப்புக்கு இடம் இருக்காது. தினமும் அரை மணி நேரம் இயற்கையை ரசிக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தால், அது சிலிண்டர் புக்கிங்குக்கும் ஃபீஸ் கட்டுவதற்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவு வேண்டியதும் இல்லை. 2020இல் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் விர்ஜீனியா ஸ்டர்ம் குழுவினர் 60 வயது தாண்டிய 52 பேரை வாரம் ஒருமுறை 15 நிமிஷம் நடக்கச் சொன்னார்கள், எட்டு வாரம். பாதிப் பேரிடம் மட்டும், வழியில் வியக்கத்தக்கதைத் தேடிப் பாருங்கள் என்று கூடுதலாகச் சொன்னார்கள். நடக்கும்போது எல்லோரும் தங்களைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வியப்பைத் தேடியவர்களின் படங்களில் வாரம் போகப் போக அவர்கள் உருவம் சிறிதாகி, பின்னணி பெரிதாகியது. சிரிப்பும் அகலமாகியது. வாரம் கால் மணி நேரம், அவ்வளவுதான்.

அதனால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன். வீட்டுக்காரரிடம் அன்றைய காலைச் சமையலை ஒப்படையுங்கள். "கோயிலுக்குப் போறோம்" என்றால் போதும், காரணம் விளக்கவேண்டியதில்லை. வெயில் இருக்கிற நாளாகப் பார்த்துக் காலை ஒன்பதரை, பத்து மணிக்குள் உள்ளே போய், சன்னதிக்குப் போய் வந்தபிறகு விமானத்தின் பின்பக்கம், மேற்குப் பிராகாரத்துக்கு வாருங்கள். கூட்டம் பெரும்பாலும் முன்பக்கம்தான் இருக்கும். நிழல் அங்கே கிடக்கும். கலசத்தின் நிழல் எங்கே என்று மகள் தேடட்டும். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வட்டம். அதனால் அவ்வளவு உயரத்திலிருந்து வரும் நுனி கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். மாதத்தைப் பொறுத்து அது தரையிலும் விழலாம், மதிலை ஒட்டிய திருச்சுற்று மாளிகையின் மேலும் விழலாம். தரையில் விழுந்தால், அந்த நுனியில் அவளுடைய கைக்குட்டையை வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அந்த வேளையில் அவ்வளவு உயரத்தின் நிழல் நிமிஷத்துக்கு ஓர் அடிக்கு மேல் நகரும். ஐந்து நிமிஷத்தில் கைக்குட்டை தனியாக வெயிலில் கிடக்கும். கோயில் நகரவில்லை, நிழலை நகர்த்த யாரும் வரவில்லை. நீங்களும் மகளும் ராஜராஜனின் அத்தனை கருங்கல்லும் பூமியோடு சேர்ந்து கிழக்கே சுழன்றுகொண்டிருக்கிறீர்கள். அதைக் கண்ணால் பார்க்கலாம்.

அப்போது அவள் ஏதாவது கேட்பாள். என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.